வெறுங்கையோடு வந்த டி.ஆர்.என்.ஏ!

இரண்டு மைக்ரோமீட்டர் நீளம், ஒரு மைக்ரோமீட்டர் அகலம். ஈ.கோலை பாக்டீரியாவின் உடம்பு அவ்வளவுதான். 500 பாக்டீரியாக்களைத் தலையும் வாலுமாக வரிசையில் நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் வரும். அத்தனை சின்ன உடம்புக்குள் இப்போது நுழையப் போகிறோம். அது பசியில் விழும் முதல் சில நிமிடங்களைக் கூடவே நின்று பார்க்கப் போகிறோம். உயிரியலில் இதைவிடப் பரபரப்பான நிமிடங்கள் எனக்குத் தெரிந்து கிடையாது!

முதலில் வயிறு நிறைந்திருக்கும் நேரம். சத்து மிகுந்த குழம்பில், 37 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. அந்த வேகத்துக்கு ஏகப்பட்ட புரதம் வேண்டும். புரதம் கோக்க ரைபோசோம் வேண்டும். அதனால் உள்ளே எங்கு திரும்பினாலும் ரைபோசோம்தான். வேகமாக வளரும் ஒரு செல்லில் பல்லாயிரக்கணக்கில் அவை மிதக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்கள் வரை கோத்துத் தள்ளுகிறது. ரைபோசோமின் பெரும்பகுதி ஆர்.என்.ஏ.வால் ஆனது. செல்லில் இருக்கும் மொத்த ஆர்.என்.ஏ.வில் ஐந்தில் நான்கு பங்கு இந்த ரைபோசோம் ஆர்.என்.ஏ.தான் என்றால் அதைச் செய்ய எவ்வளவு செலவாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வளர்ச்சிக்கான சக்தியில் பெரும்பங்கை இந்த வேலைதான் விழுங்குகிறது.

இப்போது ஒரே ஒரு அமினோ அமிலத்தை நிறுத்திவிடுவோம். லூசின் என்று வைத்துக்கொள்வோம். லூசினைத் தானே செய்துகொள்ளத் தெரியாத ஒரு வகை ஈ.கோலையை எடுத்து, அதன் குழம்பிலிருந்து லூசினை நீக்கிவிட வேண்டியது. சர்க்கரை இருக்கிறது, உப்பு இருக்கிறது, மற்ற எல்லாம் இருக்கிறது. லூசின் மட்டும் இல்லை.

புரதம் கோப்பது நின்றுபோகும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மணி தீர்ந்தால் மாலை நிற்கத்தானே வேண்டும்! ஆனால் ஓரிரு நிமிடத்துக்குள் ரைபோசோம் ஆர்.என்.ஏ. உற்பத்தியும் தடாலென்று விழுந்துவிடுகிறது. இங்கேதான் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆர்.என்.ஏ. செய்ய லூசின் தேவையே இல்லை. எந்த அமினோ அமிலமும் தேவை இல்லை. அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் செல்லில் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் ஆர்.என்.ஏ. செய்யும் நொதிக்குப் போய் ‘லூசின் தீர்ந்துவிட்டது, நிறுத்து’ என்று சொன்னது யார்? மூளை கிடையாது, நரம்பு கிடையாது. இருந்தும் சேதி போயிருக்கிறது, அதுவும் ஓரிரு நிமிடத்துக்குள்!

இந்தக் கேள்வி 1950-களிலிருந்தே ஆராய்ச்சியாளர்களைத் தூங்கவிடவில்லை. 1961-இல் குந்தர் ஸ்டென்ட், சிட்னி பிரென்னர் இருவரும் ஒரு முக்கியமான பிடியைக் கொடுத்தார்கள். சில ஈ.கோலை வகைகளில் ஒரு ஜீன் பழுதாகி இருந்தது. அவற்றுக்கு அமினோ அமிலத்தை நிறுத்தினாலும் ஆர்.என்.ஏ. உற்பத்தி நிற்பதில்லை. வீட்டில் அரிசி இல்லாதது தெரியாத குழந்தை போல அவை பாட்டுக்குச் செலவு செய்துகொண்டே போயின. அந்த ஜீன் இருக்கும் இடத்தை இருவரும் அடையாளம் கண்டார்கள். கட்டுப்பாடு உள்ள வகையை ‘ஸ்ட்ரின்ஜென்ட்’ என்றும் கட்டுப்பாடு தளர்ந்ததை ‘ரிலாக்ஸ்ட்’ என்றும் குறிப்பிடுவது துறையில் வழக்கமானது. ஆகவே சேதி சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு, அதற்கு ஒரு ஜீன் உண்டு. இவ்வளவு உறுதியாயிற்று. சேதி எந்த வடிவத்தில் போகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

இனி 1969-க்கு, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்கு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் காலன்ட்டின் ஆய்வகம். அங்கே மைக்கேல் கேஷல் என்ற இளைஞர் பாக்டீரியாவுக்குக் கதிரியக்க பாஸ்பரஸ்-32 ஊட்டுகிறார். பாஸ்பேட் உள்ள எந்த மூலக்கூறு செல்லுக்குள் உருவானாலும் அதில் இந்தக் கதிரியக்கம் ஏறிவிடும். பிறகு அமினோ அமிலத்தை நிறுத்துகிறார். சிறு சிறு மாதிரிகளை எடுத்து அமிலத்தில் கொன்று, அந்தச் சாற்றை மெல்லிய செல்லுலோஸ் பூசிய தகட்டில் சொட்டாக வைக்கிறார். தகட்டின் அடியை உப்புக் கரைசலில் நிறுத்தினால் கரைசல் மேலே ஏறும். கூடவே மூலக்கூறுகளும் ஏறும். பாஸ்பேட் குறைவாக உள்ளவை சீக்கிரம் ஏறிவிடும். பாஸ்பேட் நிறைந்தவை தகட்டைப் பிடித்துக்கொண்டு பின்தங்கும். கடைசியில் தகட்டின் மேல் எக்ஸ்ரே ஃபிலிமை வைத்து இருட்டில் விட்டுவிட வேண்டும். எங்கே கதிரியக்கம் இருக்கிறதோ அங்கே ஃபிலிமில் கறுப்புப் புள்ளி விழும்.

ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால், வழக்கமான புள்ளிகளோடு அதுவரை யாரும் பார்த்திராத இரண்டு புள்ளிகள்! பட்டினி போட்ட பாக்டீரியாவில் அவை பளிச்சென்று இருந்தன. பழுதான ஜீன் உள்ள ‘ரிலாக்ஸ்ட்’ வகையைப் பட்டினி போட்டுப் பார்த்தால் அந்த இரண்டும் காணவில்லை. பட்டினி இருக்கிறது, புள்ளி இல்லை, கட்டுப்பாடும் இல்லை. பல வருடமாகத் தேடிய சேதிக்காரன் ஒரு ஃபிலிம் துண்டில் கறுப்பாக உட்கார்ந்திருந்தான்! இந்தப் புள்ளிகளுக்கு ‘மேஜிக் ஸ்பாட்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ‘நேச்சர்’ இதழில் கேஷலும் காலன்ட்டும் எழுதிய கட்டுரையின் தலைப்பு மிக அடக்கமானது. ஈ.கோலையின் அந்த ஜீன் செயல்பாட்டில் சம்பந்தப்பட்ட இரண்டு சேர்மங்கள் என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்த அடக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கைதட்டத் தோன்றும். கேஷல் பின்னாளில் பெத்தெஸ்டாவில் உள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போய், அதே புள்ளிகளின் பின்னாலேயே பல பத்தாண்டுகள் நடந்தார்.

புள்ளிக்குள் இருந்த மூலக்கூறு என்ன? குவனோசின் என்பது ஆர்.என்.ஏ. கோக்கப் பயன்படும் நான்கு பொருள்களில் ஒன்று. அதன் ஒரு பக்கம் இரண்டு பாஸ்பேட், மறுபக்கமும் இரண்டு பாஸ்பேட். சுருக்கமாக பி.பி.ஜி.பி.பி. இன்னொரு புள்ளியில் ஒரு பக்கம் மூன்று பாஸ்பேட். செல்லில் எப்போதும் கிடைக்கும் சாதாரணப் பொருளின் முதுகில் ஒரு ஜோடி பாஸ்பேட்டை ஏற்றிவிட்டால் சேதி தயார். புதிதாக எதையும் கட்டி எழுப்பக் காத்திருக்க வேண்டாம். பசியான நேரத்தில் இதைவிட மலிவான, இதைவிட வேகமான வழி இருக்குமா? 1975-இல் புரூஸ் ஏம்ஸின் குழு இந்த மாதிரி அபாயச் சேதி மூலக்கூறுகளுக்கு ‘அலார்மோன்’ என்று பொதுப்பெயர் கொடுத்தது.

சேதி தெரிந்துவிட்டது. அதை எழுதுவது யார்? எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

ரைபோசோமுக்கு அமினோ அமிலத்தைச் சுமந்துவருவது டி.ஆர்.என்.ஏ. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் அதற்கென்று டி.ஆர்.என்.ஏ. உண்டு. ரைபோசோம் அடுத்து லூசின் வேண்டும் என்ற குறியை வாசித்தால், லூசினைச் சுமந்த டி.ஆர்.என்.ஏ. வந்து அதற்கான இடத்தில் உட்காரும், சங்கிலியில் லூசினைச் சேர்க்கும், கிளம்பிவிடும். லூசின் தீர்ந்துபோனால் அந்த டி.ஆர்.என்.ஏ. சுமை இல்லாமலே சுற்றிக்கொண்டிருக்கும். சுமையோடு வருகிறவர் யாரும் இல்லாததால் காலியாக இருக்கும் இடத்தில் அது வந்து உட்கார்ந்துவிடும். குறி பொருந்துகிறது, ஆள் சரியானவர்தான், கையில்தான் ஒன்றும் இல்லை! சங்கிலி அந்த இடத்திலேயே நிற்கிறது.

1972-இல் ஹார்வர்டில் வில்லியம் ஹேசல்டைன், ரிக்கார்டோ பிளாக், வால்டர் கில்பர்ட், கிளாஸ் வீபர் ஆகியோர் ரைபோசோம்களைச் செல்லிலிருந்து பிரித்துச் சோதனைக் குழாயில் போட்டு, மேஜிக் ஸ்பாட் ரைபோசோமில்தான் உருவாகிறது என்று காட்டினார்கள். வேலை நடக்காமல் ரைபோசோம் சும்மா நிற்கும் அந்தக் கட்டத்தில்தான் அது பிறக்கிறது. அடுத்த வருடமே ஹேசல்டைனும் பிளாக்கும் முடிச்சை முழுதாக அவிழ்த்தார்கள். ரைபோசோமில் குறிக்குப் பொருத்தமான, ஆனால் சுமை இல்லாத டி.ஆர்.என்.ஏ. வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் ரெல்-ஏ என்ற புரதம் விழித்துக்கொண்டு மேஜிக் ஸ்பாட்டைச் செய்யத் தொடங்குகிறது. 1961-இல் ஸ்டென்ட்டும் பிரென்னரும் கண்ட ஜீன் தருவது இந்த ரெல்-ஏ புரதத்தைத்தான். சாதாரண நேரத்தில் ஏறக்குறைய 200 ரைபோசோமுக்கு ஒரு ரெல்-ஏ என்ற கணக்கில்தான் அது இருக்கிறது. அந்தக் கொஞ்சம் பேர் போதும், செல்லே சுதாரித்துக்கொள்கிறது.

இதன் அழகைப் பாருங்கள். லூசினை எண்ணிப் பார்க்கத் தனியாக ஒரு கருவி இல்லை. இருபது அமினோ அமிலத்துக்கும் இருபது கருவி என்றால் எவ்வளவு வீண்செலவு! எது தீர்ந்தாலும் அதன் விளைவு ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் வந்து முட்டுகிறது: வெறுங்கையோடு வந்த ஒரு டி.ஆர்.என்.ஏ. பற்றாக்குறை எந்த இயந்திரத்தைத் தடுக்கிறதோ அந்த இயந்திரத்தின் மேலேயே சேதி எழுதப்படுகிறது. இல்லாமையைத் தொட்டுப் பார்த்து உணரும் ஏற்பாடு!

தொட்டுப் பார்ப்பது என்று சும்மா சொல்லவில்லை. 2016-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், ரைபோசோமின் மேல் ரெல்-ஏ உட்கார்ந்திருக்கும் கோலத்தை உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தன. அவற்றில் ஒன்று கேம்பிரிட்ஜில் வெங்கி ராமகிருஷ்ணனின் குழு. சிதம்பரத்தில் பிறந்து, ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற அதே ராமகிருஷ்ணன்தான். அந்தப் படங்களில் ரெல்-ஏ நீட்டி விரிந்து, உள்ளே வந்த டி.ஆர்.என்.ஏ.வைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. டி.ஆர்.என்.ஏ. வழக்கமாக உட்காரும் விதத்தில் இல்லாமல் வளைந்து திருகி இருக்கிறது. ரெல்-ஏ புரதத்தின் ஒரு பகுதி, டி.ஆர்.என்.ஏ.வில் அமினோ அமிலம் ஒட்டியிருக்க வேண்டிய அந்த நுனியையே போய் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அங்கே அமினோ அமிலம் இருந்திருந்தால் இந்தப் பிடிக்கு இடமே இருந்திருக்காது. கை காலியா என்று தெரிந்துகொள்ள உள்ளங்கையையே பிடித்துப் பார்க்கிறது! 1973-இல் சோதனைக் குழாய்க் கணக்கில் ஊகித்ததை 43 வருடம் கழித்துக் கண்ணால் பார்த்தபோது அந்த ஆய்வகங்களில் என்ன கொண்டாட்டம் நடந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனம் துள்ளுகிறது.

சரி, மேஜிக் ஸ்பாட் உருவாகிவிட்டது. சில நிமிடங்களில் அதன் அளவு பத்து மடங்கைத் தாண்டி ஏறிவிடுகிறது. இப்போது அதன் பின்னாலேயே ஓடுவோம்.

அது நேராகப் போய் ஒட்டுவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் மீது, அதாவது டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதியின் மீது. எங்கே ஒட்டுகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஆயின. இந்தத் தேடலில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் தீபங்கர் சட்டர்ஜிக்கும் பங்கு உண்டு. அவரும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, அந்த நொதியின் எந்தத் துணைப்பகுதியில் மேஜிக் ஸ்பாட் ஒட்டுகிறது என்று 1998-இல் தேடி எழுதினார்கள். இன்று இரண்டு இடங்கள் உறுதியாகத் தெரியும். ஒன்று 2013-இல் தெளிவானது. இன்னொன்றை 2016-இல் விஸ்கான்சினில் ரிச்சர்ட் கோர்ஸின் குழு கண்டது. இரண்டாவது இடம் பாலிமரேஸ் தனியாக இருந்தால் உருவாகாது. டி.கே.எஸ்.ஏ. என்ற சின்னப் புரதம் பாலிமரேஸின் பக்கவாட்டுத் துளைக்குள் நுழைந்து நின்றால்தான், இரண்டுக்கும் நடுவே மேஜிக் ஸ்பாட்டுக்கு இடம் அமைகிறது.

அங்கே அது உட்கார்ந்ததும் நடப்பதைக் கவனியுங்கள். பாலிமரேஸ் ஒரு ஜீனை எழுத ஆரம்பிக்கும் முன் டி.என்.ஏ. இழைகளைக் கொஞ்சம் பிரித்துப் பிடிக்க வேண்டும். ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஜீன்களில் அந்தப் பிடி இயல்பாகவே தளர்வானது, சட்டென்று நழுவிவிடும். மேஜிக் ஸ்பாட்டும் டி.கே.எஸ்.ஏ.வும் சேர்ந்து அதை இன்னும் தளர்த்துகின்றன. எழுத ஆரம்பிக்கும் முன்பே பாலிமரேஸ் நழுவிவிடுகிறது. ரைபோசோம் உற்பத்தி சரிகிறது. அதே இரண்டு பேர், அதே நேரத்தில், அமினோ அமிலம் தயாரிக்கும் ஜீன்களைத் தூக்கிவிடுகிறார்கள்! பட்டினியே போடாமல் செல்லுக்குள் மேஜிக் ஸ்பாட்டை மட்டும் பெருகவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. ஐந்தே நிமிடத்தில் 750-க்கும் மேற்பட்ட ஜீன்களின் செயல்பாட்டு அளவு மாறியிருந்தது. ஈ.கோலையிடம் இருப்பதே நாலாயிரத்துச் சொச்சம் ஜீன்கள்தான்.

மேஜிக் ஸ்பாட் பாலிமரேஸோடு நிற்பதும் இல்லை. டி.என்.ஏ. நகலெடுப்பை ஆரம்பித்துவைக்கும் நொதியைத் தடுக்கிறது. புரதம் கோக்க ஆரம்பிக்கும் கட்டத்தைத் தடுக்கிறது. இன்னொரு வேலையும் உண்டு, அதை முதன்முதலில் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பாஸ்பேட்டுகளை நீளச் சரமாகக் கோத்த பாலிபாஸ்பேட் என்ற பொருள் செல்லில் உண்டு. அதைச் சிதைக்கும் நொதியை மேஜிக் ஸ்பாட் அடக்குவதால் பட்டினியில் பாலிபாஸ்பேட் பெருகுகிறது. பெருகிய சரம், லான் என்ற புரதச் சிதைப்பு நொதியோடு போய் இணைகிறது. இணைந்ததும் லான் யாரைத் தின்கிறது தெரியுமா? ரைபோசோமுக்காகச் செய்துவைத்த புரதங்களை! 2001-இல் ஆர்தர் கோர்ன்பெர்க்கின் குழு ‘சயின்ஸ்’ இதழில் இதை வெளியிட்டது. சிதைந்த புரதங்களிலிருந்து கிடைக்கும் அமினோ அமிலத்தைக் கொண்டு, இப்போது அவசரமாக வேண்டிய நொதிகளைச் செல் கோத்துக்கொள்கிறது. வளர்ச்சிக் காலத்துச் செலவைப் பட்டினிக் காலத்து முதலாக மாற்றும் இந்தத் திட்டத்துக்குப் பின்னாலும் நிற்பது அதே ஒற்றை மூலக்கூறுதான்.

இந்தச் சேதி இல்லாமலே போனால்? கேஷலின் ஆய்வகம் 1991-இல் அதையும் செய்து பார்த்தது. மேஜிக் ஸ்பாட்டை உண்டாக்கும் இரண்டு ஜீன்களையும் ஈ.கோலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அமினோ அமிலம் கலந்த குழம்பில் அது வளர்ந்தது. சர்க்கரையும் உப்பும் மட்டும் உள்ள எளிய ஊடகத்தில் போட்டபோது வளரவில்லை. அமினோ அமிலங்களைச் செய்யும் ஜீன்கள் அதனிடம் குறையில்லாமல் இருக்கின்றன. ஆனால் அவற்றைத் தேவையான அளவுக்குத் தூண்டிவிட ஆள் இல்லை.

அந்த இரண்டாவது ஜீன் தருவது ஸ்பாட்-டி என்ற புரதம். அதன் முக்கிய வேலை மேஜிக் ஸ்பாட்டை உடைத்து அப்புறப்படுத்துவது. ரெல்-ஏ இருக்கும் செல்லில் ஸ்பாட்-டி புரதத்தை நீக்கிவிட்டால் அந்தச் செல் பிழைக்காது. மேஜிக் ஸ்பாட் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும், அழிக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். வளர்ச்சி அடியோடு நின்றுபோகும். இதே ஸ்பாட்-டி, கொழுப்பு அமிலம் குறைந்தால் மேஜிக் ஸ்பாட்டைச் செய்யவும் தெரிந்து வைத்திருக்கிறது.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் இதே மூலக்கூறைக் கொண்டு வேறு வழியில் போகிறது. அங்கே மேஜிக் ஸ்பாட் பாலிமரேஸைத் தொடுவதில்லை. குவனோசின் ட்ரைபாஸ்பேட் தயாரிக்கும் நொதிகளைத் தடுக்கிறது. அந்த பாக்டீரியாவின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் முதல் எழுத்தே அந்தப் பொருள்தான். முதல் எழுத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் எழுதும் வேலை தானாகக் குறைந்துவிடுகிறது.

இதுவரை ஒரு செல்லின் உள்ளே இருந்தோம். இனி வெளியே வாருங்கள், கூட்டத்தைப் பார்க்க வேண்டும்!

மிக்ஸோகாக்கஸ் சாந்தஸ் என்று ஒரு மண் பாக்டீரியா. கூட்டமாக ஊர்ந்துபோய் மற்ற பாக்டீரியாக்களை வேட்டையாடித் தின்பது இதன் பிழைப்பு. ஈ.கோலையும் இதன் இரைதான். இரை தீர்ந்தால் இது செய்யும் காரியத்தைப் பார்த்துப் பலர் இந்த இனத்தைப் பூஞ்சை என்றே நினைத்திருந்தார்கள். 1892-இல் ரோலண்ட் தாக்ஸ்டர்தான் இவை பாக்டீரியா என்று எழுதினார். ஏறக்குறைய ஒரு லட்சம் செல்கள் ஒரு இடத்தில் ஏறிக் குவிந்து, கண்ணுக்கு மஞ்சள் முத்துப் போலத் தெரியும் மேடு ஒன்றைக் கட்டுகின்றன. மேட்டுக்குள் இருக்கும் செல்கள் உருண்டு, தடித்த உறை போர்த்திய வித்துகளாகி, வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கி நீண்ட காலம் கிடக்கும்.

ஸ்டான்ஃபோர்டில் டேல் கைசர் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த மேடுகளுக்குக் கொடுத்தார். அவரும் அவருடைய மாணவர்களும் கண்டது இது. பட்டினி வந்ததும் ஒவ்வொரு செல்லும் முதலில் தனக்குள் மேஜிக் ஸ்பாட்டை எழுதிக்கொள்கிறது. தனக்குப் பசிப்பது இப்போது அதற்குத் தெரியும். ஆனால் மேடு கட்டுவது தனியாள் வேலை இல்லையே. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பசிக்கிறதா? எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளச் செல்கள் வெளியே விடும் சேதிக்கு ஏ-சிக்னல் என்று பெயர். அது என்ன பொருள் என்று பிரித்துப் பார்த்தால், புரதங்களை வெட்டிப்போட்ட அமினோ அமிலங்களும் குட்டிச் சங்கிலிகளும்! தின்பதற்குப் போதாத, ஆனால் எண்ணுவதற்குப் போதுமான அளவு. எதற்காகப் பசிக்கிறதோ அந்தப் பொருளிலேயே கொஞ்சத்தை வெளியே விட்டு, அதன் செறிவை வைத்து ஆட்களை எண்ணிக்கொள்கின்றன. அளவு போதாவிட்டால் மேடு கட்டும் வேலை ஆரம்பிப்பதில்லை.

போதுமான பேர் இருப்பது தெரிந்ததும் செல்கள் நகர்ந்து நெருங்குகின்றன. அப்போது இரண்டாவது சேதி, சி-சிக்னல். இது காற்றிலோ நீரிலோ போகாது. செல்லின் மேல்பரப்பிலேயே ஒட்டியிருக்கும் புரதம். நீளமான இரண்டு செல்கள் நுனியோடு நுனி உரசினால்தான் கைமாறும். நெருக்கம் கூடக் கூடச் சேதி வலுக்கும், வலுக்க வலுக்க நெருக்கம் கூடும். ஒரு நாளுக்குள் மேடு எழும்பிவிடும். வித்து முற்ற இன்னும் ஓரிரு நாள்.

எல்லோரும் வித்தாவதில்லை. பெரும்பாலான செல்கள் வழியிலேயே உடைந்து மடிகின்றன. சில செல்கள் மேட்டில் ஏறாமல் வெளியே கோலாகவே நின்றுவிடுகின்றன. இரை திரும்பி வந்தால் உடனே தின்ன ஆட்கள் அவைதான் என்று கருதுகிறார்கள்.

கைசரின் ஆய்வகம் 1995-இல் செய்த ஒரு சோதனையை நினைத்தால் இன்றும் உற்சாகம் தாங்கவில்லை. ஈ.கோலையின் ரெல்-ஏ ஜீனை எடுத்து மிக்ஸோகாக்கஸுக்குள் வைத்தார்கள். இரையின் ஜீனை வேட்டைக்காரனுக்குள்! பிறகு சாப்பாடு இருக்கும்போதே அந்த ஜீனை ஓடவிட்டார்கள். உள்ளே மேஜிக் ஸ்பாட் ஏறியது. தட்டில் சாப்பாடு கிடக்கிறது, ஆனாலும் பட்டினியில் மட்டும் விழிக்கும் ஆரம்பகட்ட ஜீன்கள் விழித்துக்கொண்டன. எந்த பாக்டீரியாவின் ரெல்-ஏ எழுதியதாக இருந்தால் என்ன, செல்லுக்குப் புரிந்தது ஒரே சேதிதான்.

இதெல்லாம் சியாட்டிலிலும் ஸ்டான்ஃபோர்டிலும் நடந்த வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. காசநோய்க் கிருமியும் இதே மொழிதான் பேசுகிறது. உலகில் காசநோய் வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அந்தக் கிருமி நுரையீரலுக்குள் வருடக்கணக்கில் வளராமல் பதுங்கிக் கிடக்கும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மேஜிக் ஸ்பாட் எழுதும் ஜீனை நீக்கிய காசநோய்க் கிருமியை எலிகளுக்குக் கொடுத்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. கிருமி ஆரம்பத்தில் தொற்றியது. ஆனால் எலியின் உடம்பில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க அதனால் முடியவில்லை. ஓடி ஒளியத் தெரிந்த கிருமியை ஒளியவிடாமல் செய்ய ஒரு வழி இருக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வந்தது. மேஜிக் ஸ்பாட் உருவாவதைத் தடுக்கும் மூலக்கூறுகளைப் பல ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. பெங்களூரில் சட்டர்ஜியின் குழு காசநோய்க் கிருமிக்கு உறவான மைகோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸில் இதே வழித்தடத்தை வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறது. இந்தத் தேடலில் யார் முந்தினாலும் எனக்கு அது திருவிழாதான்.

இன்னும் ஓர் இடம் பாக்கி, அதையும் காட்டிவிடுகிறேன். செடிகளின் பச்சையத்துக்கு இருப்பிடமான பசுங்கணிகம், ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்து பிறகு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியாவின் வாரிசு. 2000-இல் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், ரெல்-ஏ, ஸ்பாட்-டி குடும்பத்தைச் சேர்ந்த ஜீன் கிடைத்தது. 2004-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் செடிகளின் பசுங்கணிகத்தில் மேஜிக் ஸ்பாட்டையே கண்டுபிடித்துவிட்டார்கள். இலையைக் காயப்படுத்தினால் அது ஏறுகிறது. வறட்சியில் ஏறுகிறது. உப்பு அதிகமானால் ஏறுகிறது. வெளிச்சத்திலிருந்து செடியைச் சட்டென்று இருட்டுக்கு மாற்றினாலும் ஏறுகிறது.

விலங்குகளிடம் இருக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2010-இல் பழ ஈயிலும் மனிதரிலும், மேஜிக் ஸ்பாட்டை உடைக்கக்கூடிய ஒரு நொதி இருப்பது வெளியானது. ஸ்பாட்-டி புரதத்தின் தூரத்து உறவு. மெஷ்-1 என்று பெயர். அது இல்லாத பழ ஈக்கள் மெதுவாக வளர்ந்தன, பட்டினியைச் சரியாகத் தாங்கவில்லை. விலங்குச் செல்லுக்குள் இந்த நொதிக்கு வேலை என்ன? 2020-இல் ஒரு விடை கிடைத்தது. என்.ஏ.டி.பி.ஹெச். என்ற, நம் செல்களின் வேதிவினைகளுக்கு இன்றியமையாத ஒரு பொருளிலிருந்து அது பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. அதே வருடம் ஜப்பானிலிருந்து இன்னொரு ஆய்வுக்கட்டுரை. பழ ஈயின் உடம்பிலேயே மேஜிக் ஸ்பாட் கிடைத்துவிட்டது! 1969-இல் ஃபிலிமில் விழுந்த அந்தப் புள்ளியைத் தேடி இப்போது விலங்குச் செல்களையும் அலசிக்கொண்டிருக்கிறார்கள்.